ஒரே எஃகு, இரண்டு பிறப்பு

செங்கல்பட்டுக்கு வெளியே தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது எங்கள் பட்டறை. எஃகுச் சாமான்களுக்குச் சூடு கொடுத்துப் பதப்படுத்துவது தொழில். யாரோ கடைந்தோ வார்த்தோ அடித்தோ கொண்டுவரும் பற்சக்கரமும் அச்சும் கொக்கியும் எங்கள் உலைக்குள் போய், எவ்வளவு கெட்டியாக வேண்டுமோ அவ்வளவு கெட்டியாக வெளியே வரும். வந்ததைச் சோதித்து, 'சரி' என்று சான்றிதழில் கையெழுத்துப் போடுவது என் வேலை. டிப்ளமா முடித்த கையோடு சேர்ந்தவள், பன்னிரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அது ஐப்பசி மாதம். காற்றழுத்தத் தாழ்வு கரையை நெருங்குகிறது என்று காலையிலிருந்தே செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை இன்னும் வரவில்லை. காற்று மட்டும் கூரைத் தகட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் லேத் பட்டறை வைத்திருப்பவர் ஒன்பது மணி வாக்கில் உள்ளே வந்தார். எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர். கையில் ஒரு புது வரைபடம்.

"மேடம், போன மாசம் சதுரங்கப்பட்டினம் படகு வின்ச்சுக்கு ஆறு நாக்கு போட்டோமே, நெனப்பு கீதா?"

"இருக்குண்ணா. அதுக்கென்ன?"

"அதுல ரெண்டு பிரிண்டிங்ல பண்ணது. சோக்கா வந்துச்சு இல்ல? அதே மாறி இன்னொரு பார்ட்டி கேக்குறான். நீங்க அதே சூடு போட்டுக் குட்த்துருங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். "எது பிரிண்டிங்ல பண்ணது?"

"ரெண்டு நாக்கு மேடம். ராடு நாலு பீஸுக்குத்தான் பத்துச்சு. புது ராடு வர பத்து நாளு ஆவும்னான். கேளம்பாக்கத்துல நம்ம தோஸ்து ஒருத்தன் இரும்புப் பொடிய லேசர்ல உருக்கி பிரிண்ட் போடுற மிஷின் வெச்சுகினு கீறான். அவங்கிட்ட ரெண்டு போட்டு வாங்கினேன். அதே எஃகுதான். கெமிக்கல் ரிப்போர்ட் கூட ஒண்ணாத்தான் கீது. அப்பால நான் எல்லாத்தையும் ஒரே மாறி கடஞ்சு பாலிஷ் பண்ணிட்டேன்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதே எஃகுதான். ஆனால் பிறந்த விதம் வேறு.

அந்த நாக்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சதுரங்கப்பட்டினம் கரையில் ஃபைபர் படகுகளை மணல் மேட்டில் இழுத்து ஏற்ற இரண்டு மின்சார வின்ச்சுகள் வைத்திருக்கிறார்கள். உருளையில் இரும்புக் கயிறு சுற்றும்போது பக்கத்தில் ஒரு பற்சக்கரம் கூடவே சுழலும். ஒரே ஒரு சின்ன எஃகு நாக்கு அதன் ஒவ்வொரு பல்லிலும் 'டக் டக்' என்று விழுந்து விழுந்து எழும். மோட்டார் ஓடும்வரை அந்த நாக்குக்கு வேலையில்லை. மோட்டார் நின்றால், சரிவில் இருக்கும் படகின் மொத்த எடையும் அதன் நுனியில் வந்து உட்காரும். படகு பின்னால் போகாமல் பிடித்து நிறுத்துவது விரல் நீளமுள்ள அந்தத் துண்டுதான். முன்பிருந்த நாக்குகள் உப்புக் காற்றில் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டன. அதனால் துருப்பிடிக்காத, அதே சமயம் கெட்டிப்படக்கூடிய எஃகு கேட்டு வாங்கினார்கள். வின்ச்சுக்கு ஒன்று மாட்டியது போக, மாற்றுக்கு இரண்டிரண்டு. ஆக ஆறு.

அந்த எஃகு ராடாக வரும்போது, ஆலையிலேயே அதை ஆயிரத்து நாற்பது டிகிரி வரை சூடேற்றிக் குளிரவைத்து அனுப்பியிருப்பார்கள். அதன் உள்கட்டு அப்போதே தயாராகிவிடும். பிறகு நாங்கள் நானூற்று எண்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும், கெட்டியாகிவிடும். பிரிண்ட் போட்ட துண்டு அப்படிப் பிறந்ததல்ல. பொடியைக் கோடு கோடாக உருக்கி, அடுத்த நொடியே உறையவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பியது. அந்த அவசரக் குளிரில் உள்கட்டின் ஒரு பெரும்பங்கு மாறவேண்டியபடி மாறாமல் மிருதுவாகவே நின்றுவிடும். அதற்கு முதலில் ஆயிரத்து நாற்பது கொடுத்து எல்லாவற்றையும் சமன்படுத்திக் குளிரவைத்த பிறகுதான் நானூற்று எண்பது. முதல் சூட்டை விட்டுவிட்டால் இரண்டாம் சூடு பெயருக்குத்தான். பார்க்க எஃகு, ஆனால் நுனி நசுங்கும்.

நான் ஆறுக்கும் ஒரே தட்டில், ஒரே நானூற்று எண்பதுதான் கொடுத்திருந்தேன். ஆறில் இரண்டை எடுத்துக் கெட்டித்தன்மை பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. இரண்டுமே ராடில் செய்தவையாக இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. உலையிலிருந்து தட்டை இழுத்தபோது நான்கு துண்டுகள் செம்பழுப்பாகவும், இரண்டு மட்டும் வைக்கோல் மஞ்சளாகவும் இருந்தன. நான் அதைப் பார்த்தேன். ஒரே எஃகு, ஒரே சூடு, ஏன் இரண்டு நிறம் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. அன்று சனிக்கிழமை. மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம், ஏற்கெனவே நேரமாகிவிட்டிருந்தது. பாலிஷ் வித்தியாசமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வெளியே காற்று ஊளையிட்டது. நாக்குகளை மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"அண்ணா, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கும்?"

"மூணாம் நம்பர் புயல் கூண்டு ஏத்திட்டான் மேடம். எல்லா படகையும் மேட்டுக்கு ஏத்திகினு இருப்பாங்க. ஏன்?"

நான் சொன்னேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "அய்யய்யோ" என்றார். ஆர்டர் கொடுத்தவருக்கு உடனே போன் போட்டார். அவர் மீனவர் குழுவின் செயலாளர், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். வாசலில் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகமுடியும். மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. வின்ச் ஓட்டுபவரின் எண் எங்கள் இருவரிடமும் இல்லை.

"வண்டி இருக்கா?"

"குட்டி யானை வெளில நிக்குது."

மேசை இழுப்பறையிலிருந்த காந்தத்தையும் ஓர் அரத்தையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறினேன். மாறாமல் மிருதுவாக நின்ற எஃகைக் காந்தம் சரியாகப் பிடிக்காது. கரையில் நின்று வித்தியாசம் கண்டுபிடிக்க என்னிடம் இருந்த வழி அது ஒன்றுதான்.

திருக்கழுக்குன்றம் சாலையில் அவர் வண்டியை விரட்டினார். வழியெல்லாம் முறிந்த கிளைகள். ஒரு இடத்தில் வேப்பமரம் பாதிச் சாலைக்குச் சாய்ந்து கிடக்க, எதிரும் புதிருமாக வண்டிகள் நின்றுவிட்டன. அங்கே பத்து நிமிடம் போயிற்று. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தனக்குள் பேசிக்கொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் மேடம். அதே எஃகுதானேன்னு கம்முனு இருந்துட்டேன்."

"நானும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ணா" என்றேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இதுபோல ஒன்றைப் பார்த்தவள்தான் நான். அடித்துச் செய்த பற்சக்கரங்களோடு வார்த்துச் செய்த ஒன்றும் சேர்ந்து உலைக்குப் போயிற்று. எண்ணெயில் இறக்கியதும் வார்ப்புச் சக்கரம் மட்டும் 'டக்'கென்று வெடித்தது. எங்கள் தொட்டிக்குள்ளேயே வெடித்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை, இரண்டு நாள் பேசிவிட்டு மறந்துவிட்டோம். எங்கள் வேலைச் சீட்டில் 'என்ன எஃகு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'எப்படிச் செய்தது' என்று கேட்க அப்போதும் யாரும் ஒரு கட்டம் போடவில்லை. நானும் போடவில்லை.

சதுரங்கப்பட்டினத்துப் பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டிக் கரைக்குப் போகும் மண் பாதையில் வண்டி சக்கரம் சுழன்று நின்றது. இறங்கி ஓடினேன். மணல் முகத்தில் அடித்தது. கடல் சாம்பல் நிறத்தில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அலை அரித்து அரித்துக் கரை செங்குத்தாகியிருந்தது. பத்துப் பதினைந்து படகுகள் ஏற்கெனவே மேலே கிடந்தன. வலப்பக்கத்து வின்ச் நின்றிருந்தது. இடப்பக்கத்து வின்ச் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கயிற்றில் ஒரு நீலப் படகு, சரிவின் பாதியில். படகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டும், அடியில் உருளைக் கட்டைகளை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள்.

'நிறுத்துங்க' என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். அப்படியே அடக்கினேன். மோட்டாரை நிறுத்தினால்தான் நாக்கில் எடை விழும். நான் கத்தி வின்ச் ஓட்டுபவர் நிறுத்தினால், எது நடக்கக்கூடாது என்று ஓடிவந்தேனோ அதை நானே நடத்திவைத்ததாக ஆகும்.

"பின்னாடி நிக்காதீங்க! ஒதுங்குங்க! படகுக்குப் பின்னாடி யாரும் நிக்காதீங்க!"

காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சரிவில் இறங்கிக் கையை வீசிக்கொண்டே போனேன். என் பின்னால் லேத்காரரும் கத்திக்கொண்டு வந்தார். அவர் குரல் பெரிது. "ஒத்து! ஒத்திக்கோ! நாக்கு புட்டுக்கும்!" தள்ளிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓரிருவர் விலகினார்கள். வின்ச் ஓட்டுபவர் லுங்கியை மடித்துக் கட்டிய, நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். அங்கிருந்தபடியே சத்தம் போட்டார்.

"இன்னாம்மா பேஜாரு? யாரு நீ?"

"நிறுத்தாதீங்கண்ணா! மேல ஏத்துற வரைக்கும் நிறுத்தாதீங்க! நாக்கு சரியில்ல!"

அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கை லிவரிலிருந்து நகரவில்லை. பற்சக்கரம் 'டக் டக்' என்று ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் பிரிந்துவிட்டார்கள். படகு இன்னும் இரண்டு ஆள் நீளம் ஏறினால் சமதளம். ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது கரண்ட் போயிற்று.

மோட்டாரின் இரைச்சல் சட்டென்று அறுந்தது. கயிறு விண்ணென்று இறுகிற்று. ஒரு கணம் எல்லாம் அப்படியே நின்றது, படகும்கூட. பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அதற்குள் வின்ச்சிலிருந்து தகரத்தைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம். பற்சக்கரம் பின்பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. படகு இறங்கியது. வின்ச்காரர் கை பிரேக்கின் மேல் தன் முழு உடம்பையும் போட்டு அமுக்கினார். வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

படகின் சொந்தக்காரர் மற்றவர்களோடு விலகியவர்தான். படகு நகர்வதைப் பார்த்ததும் தாங்க முடியாமல், ஒரு கட்டையை அடியில் கொடுத்து நிறுத்திவிடலாம் என்று குனிந்தார். படகு கட்டையை உதைத்தது. கட்டை எகிறி அவர் கையில் அடித்தது. அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். படகு அவரை ஒரு முழத்தில் கடந்து, அலைக்குள் பின்பக்கம் செருகி நின்றது. எஞ்சினின் கீழ்த்தண்டு வளைந்துவிட்டது.

அவருடைய மணிக்கட்டு, இருக்கக்கூடாத கோணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் கத்தவில்லை. "படக இஸ்துக் கட்டுங்கடா, படக இஸ்துக் கட்டுங்கடா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அவரைத் தூக்கி மோட்டார் பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வின்ச்காரர் நாக்கைக் கழற்றி என் முன்னால் நீட்டினார். நுனி, காளான் குடைபோல மடிந்து பரந்திருந்தது. மூன்று வாரமாகப் பல்லில் விழுந்து விழுந்து மழுங்கிய அடையாளமும் இருந்தது. காந்தத்தை வைத்தேன். ஒட்டியது, ஆனால் லேசாக ஆட்டினாலே கழன்று விழுந்தது.

"இது இன்னா எஃகும்மா? மாவா?"

"எஃகு நல்லதுதான்ணா. சூடு தப்பு. நான்தான் சூடு போட்டேன். நான்தான் சரியா இருக்குன்னு எழுதிக் கொடுத்தேன்."

சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தார். அடிபட்டவரின் மனைவி. மீன்கூடையைச் சுமந்த துணி சும்மாடு இன்னும் தலையிலேயே இருந்தது.

"நீதான் கையெழுத்துப் போட்டியா?"

"ஆமாங்க்கா."

"பாக்காமயே போட்டியா?"

"ரெண்டப் பாத்தேன். ஆறையும் பாக்கல."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வூட்டுல அந்தக் கையிதான் சோறு போடுது" என்றார். திரும்பி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். லேத்காரர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று பின்னாலேயே ஓடினார். அந்தப் பெண் ஏறவில்லை. வேறு ஒருவரின் பைக்கில் போய்விட்டார்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதிருப்பேன். ஆனால் இன்னும் ஒன்பது படகுகள் கீழே கிடந்தன. அலை ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே வந்துகொண்டிருந்தது.

"மிச்ச அஞ்சு நாக்கையும் கொடுங்கண்ணா" என்றேன்.

வின்ச்காரர் வலப்பக்கத்து வின்ச்சிலிருந்ததைக் கழற்றி, கொட்டகையிலிருந்த நான்கு மாற்று நாக்குகளோடு சேர்த்துக் கொண்டுவந்தார். சாக்கின் மேல் வரிசையாக வைத்தேன். எண்ணெய் பூசிய ஐந்தும் ஒன்றுபோலவே இருந்தன. எந்தக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது. காந்தத்தை ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். நான்கில் நறுக்கென்று பிடித்துக்கொண்டது, பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. கொட்டகையிலிருந்து வந்த ஒன்றில் மட்டும் வழுக்கியது. அரத்தை வைத்து இழுத்தேன். நான்கில் லேசாகக் கீறியது, அந்த ஒன்றில் கடித்துத் தூள் எடுத்தது. அதைத் தனியே கைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சோதித்தேன். மூன்றாவது முறையும்.

"இந்த நாலும் நல்லது."

"நீ நல்லதுன்னு சொன்னத்தானம்மா அன்னிக்கி மாட்னேன்" என்றார் வின்ச்காரர்.

"யாரும் பின்னாடி நிக்க வேணாம்ணா. நானே அங்க நின்னு பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் அதை ஏற்கவில்லை. ஆளில்லாமலே படகைக் கயிற்றில் மட்டும் ஏற்றினார்கள். கட்டைகளை முன்கூட்டியே வரிசையாகப் போட்டுவைத்தார்கள். கரண்ட் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. வந்த பிறகும் இரண்டு தடவை போயிற்று. இரண்டு தடவையும் கயிறு இறுகி, படகு சரிவில் அப்படியே நின்றது. நாக்கு பிடித்தது. கடைசிப் படகு மேலே வந்தபோது மதியம் மூன்று மணி. மழை கொட்ட ஆரம்பித்திருந்தது.

மறுநாள் முதலாளி என்னைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "பிரிண்டிங்ல செஞ்சதுன்னு அவர் நமக்குச் சொல்லல. சீட்டுலயும் இல்ல. தப்பு அவருதுதானே?" என்றார்.

"அவர் சொல்லல சார். ஆனா ரெண்டு துண்டு வேற நிறத்துல வந்ததை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

அவர் சான்றிதழின் நகலை எடுத்து முதலிலிருந்து படித்தார். வேலை போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் இன்னும் சொல்லியிருக்கவில்லை, எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "நீ எழுதிக் கொடு. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். சான்றிதழைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதம் எழுதினேன், நிற வித்தியாசத்தையும் சேர்த்து. ஆஸ்பத்திரிச் செலவைப் பட்டறையும் லேத்காரரும் ஏற்றார்கள். ஆனால் படகுக்காரரின் கை இரண்டு மாதம் மாவுக்கட்டில் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அந்தப் படகை அவர் தம்பி ஓட்டினார்.

நான் எடுத்துவந்த அந்த மிருதுவான நாக்கை உலைக்குள் தனியாக வைத்தேன். முதலில் ஆயிரத்து நாற்பது. வேகமாகக் குளிரவைத்து, பிறகு நானூற்று எண்பது. வெளியே எடுத்துக் காந்தத்தை வைத்தபோது நறுக்கென்று பிடித்தது. ஐந்து இடத்தில் கெட்டித்தன்மை பார்த்தேன். ராடில் செய்ததற்குக் குறையாமல் இருந்தது. துண்டின் மேல் குறை இல்லை. அதற்கு வேண்டியதை நான் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். வேலைச் சீட்டில் இப்போது இரண்டாவது கட்டம் இருக்கிறது: அடித்ததா, வார்த்ததா, கடைந்ததா, பிரிண்ட் போட்டதா. நிரப்பாமல் வரும் சாமானை நான் உலைப் பக்கமே விடுவதில்லை. இரண்டு வாடிக்கையாளர்கள் அதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள்.

தை மாதம் கடல் அடங்கிய பிறகு, அந்த நாக்கை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மாட்டுவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. அடிபட்டவர் வலைக் குவியலருகில் உட்கார்ந்திருந்தார். கட்டு பிரித்திருந்தார்கள், மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "கொண்டா பாப்பம்" என்று இடது கையை நீட்டி வாங்கி, நுனியை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது அந்த ரெண்டுல ஒண்ணா?"

"ஆமாண்ணா. இப்ப சரியான சூடு போட்டிருக்கேன்."

"எங்க படகுலயே பாத்துரு" என்று வின்ச்காரரிடம் சொன்னார். நீலப் படகில் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். எல்லோரையும் இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சரிவின் நடுவில் வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தினார் வின்ச்காரர். கயிறு இறுகிற்று. படகு அசையவில்லை. நாங்கள் எல்லோரும் பற்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிடம் போயிருக்கும்.

வின்ச்காரர் மோட்டாரைத் திரும்ப ஓட்டி, படகை மேலே இழுத்து, கயிற்றைத் தளர்த்திக் கீழே இறக்கினார்.

"இன்னும் ரெண்டு தபா பாக்கணும்" என்றார்.

மாலைவரை பார்த்தோம்.